பாட்டும் பாடும்

இளமையிற் கேட்டு மகிழ்ந்த பாடல்களை முதுமையில் மீண்டுங் கேட்போருக்கு, அன்று செவியில் விழாத ஒன்று இன்று விழுதல் உண்டு.

அமெரிக்காவின் ஈகிள்ஸ் என்னும் றொக் இசைக்குழுவினர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களுட் பத்தைத் தொகுத்து, 1976 பெப்ரவரியில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. 'டேக் இற் டு த லிமிற்' என்பது அவற்றுள் ஒன்று. எல்லைவரை சென்று பார்த்தலே அதன் பொருள்.

அதனைப் பாடியவர், குழுவிலே பாஸ் கிற்றார் வாசித்த றன்டி மைஸ்னர். பாட்டு முடியுந் தறுவாயில் அவர் குரல் மேன்மேலும் உயர்ந்து உச்சத்தைத் தொடும். கேட்ட இளைஞர் ஆரவாரித்தனர். இசைத்தட்டில் ஒருமுறை பதிந்த அவ்வுச்சத்தை மேடையிலோ இரவுதோறும் எட்டவேண்டியிருந்தது. தவறிவிடுமோ என்னும் அச்சம் மைஸ்னரை வாட்டிற்று. அவர் பாடத் தயங்கியமையாற் குழுவினுள்ளே பிணக்கு மூண்டது. 1977இல் அவர் குழுவை விட்டு விலகினார், 2023இல் காலமானார்.

இசைத்தட்டில் அக்குரல் இன்றும் தவறாது உச்சத்தைத் தொடுகின்றது. இருபது வயதிற் கேட்டவருக்கு அது வெற்றி முழக்கம். எழுபதை எட்டியபின் அவரே கேட்பாராயின், பாட்டோடு, பாடியவர் பட்ட பாடும் செவியில் விழும்.