குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவம்: படிப்பும் பணியும்

பக்கவாதம் வந்த பெரியவர், இழந்த நடையை மீட்கப் பார்க்கிறார். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தைக்கோ நடை என்பதே இன்னும் தெரியாது. இந்த வேறுபாட்டில்தான் குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவம் தனித் துறையாகிறது. பிசியோதெரபி படித்த எவரும் இதைச் செய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது இது.

தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது, தவழ்வது, நிற்பது, நடப்பது என்று வீட்டுப் பெரியவர்கள் ஆசையோடு காத்திருக்கும் வரிசையே இத்துறையின் அரிச்சுவடி. நான்கு மாதத்தில் தலை நிற்க வேண்டும். ஒன்பது மாதத்துக்குள் பிடிமானமின்றி உட்கார வேண்டும். ஒன்றரை வயதுக்குள் நடக்க வேண்டும். இந்த வரிசை தடைபட்ட குழந்தைகளே பெரும்பாலும் சிகிச்சைக்கு வருகிறார்கள். குறைமாதத்தில் பிறந்தவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், முதுகுத்தண்டு முழுதாக மூடாமல் பிறந்தவர்கள் இவர்களில் உண்டு. பிரசவத்தின்போது தோள் நரம்பு இழுபட்டுக் கை தொங்கிப்போன குழந்தையும் வரும். டுஷேன் தசைச்சிதைவு நோயில், நடந்துகொண்டிருந்த பையனே மெல்ல மெல்ல நடையை இழக்கிறான். அங்கே சிகிச்சையின் நோக்கமே வேறு: இருக்கும் வலுவைக் காப்பது, மூட்டுகள் இறுகாமல் பார்ப்பது, மூச்சுக்குத் துணை நிற்பது.

எல்லாக் குழந்தையும் நடக்கும் என்று வாக்குக் கொடுப்பவர் இத்துறைக்கு ஆகாதவர். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறையை 1997-இல் ராபர்ட் பாலிசானோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். முதல் நிலைக் குழந்தை ஓடும், படியேறும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலையை நிறுத்துவதே பெரும்பாடு. எந்த நிலை என்பதைப் பெற்றோரிடம் மறைக்காமல், அவர்கள் மனம் உடையாமல் சொல்லத் தெரிவதும் தொழில்திறமைதான்.

கெண்டைக்கால் தசை இறுகி, குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நிற்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு அளிக்கும் சிகிச்சையைப் பார்த்தால் இத்துறையின் செயல்திறமை விளங்கும். படுக்கவைத்துக் காலைப் பிடித்து இழுத்தால் அழுகைதான் மிஞ்சும். தேர்ந்தவர், குழந்தையின் முழங்கால் உயரமுள்ள முக்காலியில் அதை உட்கார வைத்து, உள்ளங்கால் இரண்டும் தரையில் படியச் செய்வார். எதிரே நாற்காலியில் ஒரு பொம்மை. அதை எடுக்க, உடம்பை முன்னே சாய்த்து எழுந்தே ஆக வேண்டும். எழும்போது அவர் கை முழங்காலுக்கு மேல் லேசாகப் படிந்து, எடையைக் குதிகாலுக்கு அனுப்பும். குழந்தைக்கு விளையாட்டு, தசைக்குப் பயிற்சி. பிறர் கையால் அசைத்துவிடுவதைவிட, ஒரு செயலைக் குறிவைத்துக் குழந்தை தானே முயலும் பயிற்சிக்கே சான்று வலுவாக இருப்பதை, இயோனா நோவாக் குழுவினரின் 2013 ஆய்வுத் தொகுப்பும் காட்டியது.

வாரத்தில் ஓரிரு மணி நேரமே குழந்தை சிகிச்சையாளரிடம் இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் வீடு. சோறு ஊட்டும்போது எப்படி உட்கார வைப்பது, இடுப்பில் தூக்கும்போது கால்களை எப்படி விரித்து வைப்பது என்று தாய்க்கும் பாட்டிக்கும் கற்றுத்தராத சிகிச்சை பாதிச் சிகிச்சைதான். சொல்லிக்கொடுக்கும் பொறுமை இல்லாதவர் வேறு பிரிவைத் தேர்வதே நல்லது.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் பிபிடி எனும் இளநிலைப் பட்டப்படிப்பில் சேரலாம். தமிழ்நாட்டில் திருச்சியில் அரசு இயன்முறை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரிகள் ஏராளம். உள்ளிருப்புப் பயிற்சியோடு நான்கரை ஆண்டு என்பதே நெடுநாள் வழக்கமாக இருந்தது. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டின் தேசியச் சட்டத்துக்குப் பின் பாடத்திட்டமும் விதிகளும் மாறிவருவதால், சேரும் ஆண்டின் அறிவிப்பை நேரில் படித்துத் தெளிய வேண்டும். அடுத்த முதுநிலைப் படிப்பான எம்பிடி இரண்டு ஆண்டு. குழந்தைகள் பிரிவு எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. நரம்பியல் பிரிவு வழியாக இத்துறைக்கு வருபவர்களும் உண்டு. கல்லூரியைத் தேரும்போது கட்டடத்தைப் பார்க்காமல், அங்கே குழந்தைகள் பிரிவு இருக்கிறதா, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் மாணவரை விடுவார்களா என்று கேட்க வேண்டும்.

பயிற்சிக்கு நல்ல இடங்கள் நம்மிடமே இருக்கின்றன. விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தே பணிசெய்த டாக்டர் மேரி வர்கீசின் உழைப்பால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966-இல் எழுந்தது. சென்னை வித்யாசாகர் 1985-இலும், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் 1981-இலும் தொடங்கியவை. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. இவற்றில் ஒன்றிலேனும் சில மாதங்கள் பணியாற்றிவிட்டு முதுநிலைப் பிரிவை முடிவுசெய்பவர் பின்னால் வருந்த மாட்டார்.

வேலைக்கு வழிகள் பல. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்காக மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் உருவாயின. அங்கே இயன்முறை மருத்துவருக்கு இடம் உண்டு. பள்ளிக்கல்வித் துறை வட்டார அளவில் மாற்றுத்திறன் மாணவர்களுக்காகச் சிகிச்சையாளர்களை அமர்த்துகிறது. இவ்வகைப் பணிகளில் பல ஒப்பந்த அடிப்படையிலானவை. ஆண்டுக்கணக்கில் ஒரே முகத்தை நம்பி வளரும் குழந்தைக்கு ஆள் மாறுவது பெரும் இழப்பு; இப்பணியிடங்கள் நிரந்தரமாக வேண்டும் என்று மேடைதோறும் கேட்பது நியாயமே. தனியாக மையம் தொடங்க எண்ணுபவர், அனுபவமுள்ளவரிடம் சில ஆண்டுகள் இருந்து, பேச்சுப் பயிற்சியாளர், செயல்முறைச் சிகிச்சையாளர், எலும்பு மருத்துவர் ஆகியோரின் அறிமுகத்தைத் தேடிக்கொள்வது அவசியம். இத்துறையில் தனி ஆளாக எவராலும் சிகிச்சையளிக்க முடியாது.

வெளிநாடு செல்ல நினைப்பவருக்கு வேறு கணக்கு. அமெரிக்காவில் இத்தொழிலுக்கான அடிப்படைப் பட்டமே டிபிடி எனும் முனைவர் நிலைப் பட்டம். நம் பட்டதாரி அங்கே தம் கல்வியை மதிப்பீடு செய்வித்து, தேசியத் தேர்வில் தேறி, மாநில உரிமம் பெற வேண்டும். குழந்தைகள் துறை வல்லுநர் சான்றிதழ் அதற்கும் மேல். அதன் தேர்வை எழுத 2,000 மணி நேர நேரடிச் சிகிச்சை அனுபவமோ அங்கீகரிக்கப்பட்ட உறைவிடப் பயிற்சியோ தேவை. அந்த எண்ணம் உள்ளவர்கள் முதலாண்டிலிருந்தே பாடத்திட்ட விவரங்களையும் பயிற்சிப் பதிவேடுகளையும் பத்திரப்படுத்திவர வேண்டும். மதிப்பீட்டின்போது கேட்கப்படுபவை அவையே.