எண்ணெய்ச் சட்டியும் யந்திரச் சோதனையும்



மறைத்த உண்மையை உடலைக் கொண்டு அறியும் ஆசை இக்கண்டி மண்ணுக்குப் புதிதன்று. 1660 முதல் 1679 வரை கண்டி மன்னனின் கைதியாயிருந்து, அணித்தேயுள்ள எலதெத்தையில் காணியும் வாங்கிக் குடியிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் ஒரு வழக்கத்தைக் குறிக்கின்றார். காணி வழக்கில் சாட்சி இல்லையெனில் இரு பகுதியாரும் கொதிக்கும் எண்ணெயில் விரல் தோய்ப்பர். கை வெந்தவன் பொய்யன்! எண்ணெய்க்கு மெய்யன் யார், பொய்யன் யார் என்று தெரியுமா?

இன்று சட்டி இல்லை, யந்திரம் இருக்கிறது. 1959இல் அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் லிக்கன் வகுத்த முறை ஓரளவு நேர்மையானது என்றே சொல்வோம். "நீ திருடினாயா?" என்று அது கேட்பதில்லை. களவுபோன மிளகு மூடை வைக்கோற் போருக்குள் அகப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். "கிணற்றடியிலா? மாட்டுக் கொட்டிலிலா? வைக்கோற் போரிலா? பரணிலா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பர். அறியாதவனுக்கு எல்லாம் ஒன்றே. அறிந்தவனுக்கோ உரிய சொல் வந்ததும் விரலில் வியர்வை அரும்பும், மூச்சுத் தணியும், நாடி சற்றே மந்தமாகும். வாய் மறுத்தாலும் கருவி கோடு கிழித்துவிடும். ஜப்பானியப் பொலிஸார் இம்முறையைப் பெரிதும் கையாள்கின்றனர்.

ஆனால் கருவி காட்டுவது அறிவை, குற்றத்தையன்று. அச்செய்தியைத் தேநீர்க்கடையில் கேட்டவனுக்கும் விரல் வியர்க்கும். விசாரிப்பவரே முன்பு சொல்லியிருந்தாலும் வியர்க்கும். நம் அச்சம் இங்கேதான். 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம், பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்கலாகாது என்றது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்குக் குறையாதவரிடம் அளித்ததை ஏற்கச் செய்தது. 18 மாதத் தடுப்புக்காவலுக்கும் வழி வைத்தது. 2022இன் திருத்தம் அதனை 12 மாதமாக்கியது. நம் பிள்ளையை ஓராண்டு அடைத்துவைத்து, வழக்கின் விவரமெல்லாம் காதில் ஓதிய பின் கருவியை மாட்டி, "இவனுக்குத் தெரிந்திருக்கிறது" என்றால் அது சோதனையா?

அண்டை நாட்டைப் பாருங்கள். செல்வி என்னும் பெண்மணியின் பெயரால் அமைந்த கர்நாடக வழக்கில், 2010 மே 5 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது: எவரையும் அவர் விருப்பமின்றிப் பொய்யறி கருவிக்கோ, மூளை மின்னலைச் சோதனைக்கோ, மயக்க மருந்து விசாரணைக்கோ உட்படுத்தலாகாது, இசைந்து உட்பட்டாலும் சோதனை முடிவு தானே சான்றாகாது.

இலங்கையிலும் அத்தகைய காப்பு சட்டத்தில் எழுதப்படல் வேண்டும் என்று கோருகிறோம். அதுவரை, இங்குள்ள சட்டத்தரணிகளுக்கு ஒரு வேண்டுகோள். யந்திரக் கோடுகளை எவரேனும் மன்றில் நீட்டினால், சோதனைக்கு முன் அந்த மனிதனிடம் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்ற குறிப்பேட்டை முதலிற் கேளுங்கள்.