கேட்டலும் இரத்தலும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமக்குரியதைத் தாமே கேட்டுப் பெறுதல் என்பதே இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதற்கும் ஒரு சொற்பொழிவு வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். சந்தையிற் கத்தரிக்காய் வாங்குங்கால் இரண்டு ரூபாய் குறைப்பதற்கு நெடுநேரம் வாதாடுகின்றோம். அவ்வளவு சொல்வன்மை படைத்த நாமே, நம் ஊதியத்தைப் பற்றி முதலாளி முன்னர்ப் பேசவேண்டிய இடத்தும், நம் பங்கைப் பற்றி உடன்பிறந்தார் முன்னர்ப் பேசவேண்டிய இடத்தும், நாவெழாது நிற்கின்றோம். சிறியதற்கு வாய் திறந்து பெரியதற்கு வாய் மூடும் இவ்வழக்கம் எங்ஙனம் வந்தது? கேட்டலையும் இரத்தலையும் ஒன்றென மயங்கினமையால் வந்தது என்பதே எம் கருத்து.

ஒன்றைப் பிறரிடமிருந்து பெறுதற்கு மூன்று நெறிகள் உள. இரத்தல் ஒன்று; பூசலிடுதல் ஒன்று; முறையறிந்து கேட்டல் ஒன்று. இரப்போன் கொடுப்போனது இரக்கத்தை நம்புகின்றான். பூசலிடுவோன் அவனது அச்சத்தை நம்புகின்றான். கேட்போன் தன் பக்கத்து நியாயத்தை நம்புகின்றான். திருவள்ளுவனார் இரவு என ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே இரவச்சம் என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பவற்றை அடுத்தடுத்து வைத்தார். சொல்வன்மைக்கும் தூதுக்கும் தனித்தனி இடம் தந்தார். இவை அரசர்க்கும் அமைச்சர்க்கும் மட்டும் உரியன அல்ல; குடும்பம் நடத்தும் ஒவ்வொருவர்க்கும் உரியன.

நம் பழம்புலவரை நோக்குக. அவர்கள் பரிசில் பெற்று வாழ்ந்தவர்கள்; ஆயினும் இரவலராய்த் தம்மைத் தாழ்த்திக்கொண்டவர் அல்லர். பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சென்றபோது, அவன் அவரை நேரிற் காணாது பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தாம் பொருள் ஒன்றையே கருதும் வாணிகர் அல்லர் என்றும், அளவிற் சிறிதாயினும் தம் தகுதியை அறிந்து அளிப்பதே தமக்கு இனிது என்றும் உரைத்தார். இச்செய்தி புறநானூற்றில் உள்ளது.

அந்நூலிலேயே ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியும் உண்டு. அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது, அவை மாலை சூடி நெய் பூசிக் காவல் மிக்க மனையில் விளங்குகின்றன என்றார்; அதியமான் படைகளோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்றார். கேட்குங்கால் தொண்டைமானுக்குப் புகழ். எண்ணிப் பார்க்குங்கால் போர்க்களங் கண்ட படை எதுவென்பது வெளிப்படை. எதிரியை இழிக்காமலே உண்மையை அவன் முன் வைத்த திறம் இது.

அரசவையிற் புலவர்க்கு இயன்றது ஆலைத் தொழிலாளர்க்கு இயலுமோ எனின், இயலும் என்பதற்கு அகமதாபாத்து ஒரு சான்று. 1917-ஆம் ஆண்டிற் பிளேக் நோய் பரவியபோது, தொழிலாளர் ஊரை விட்டு ஓடாதிருத்தற்பொருட்டு ஆலை முதலாளிகள் மிகை ஊதியம் அளித்தனர். நோய் தணிந்ததும், 1918-இன் தொடக்கத்தில் அதனை நிறுத்தினர். விலைவாசியோ தணியவில்லை. தொழிலாளர் 50 விழுக்காடு உயர்வு வேண்டினர். முதலாளிகள் 20 விழுக்காட்டிற்கு மேல் இசையவில்லை. காந்தியடிகள் இருபக்க நிலைமையையும் ஆராய்ந்து, 35 விழுக்காடே நியாயம் என்று கண்டு, தொழிலாளரையும் அதற்கு உடன்படுத்தினார். தம் பக்கத்தார் கேட்ட தொகையையே குறைத்த பின்னரன்றோ அவர் எதிர்ப்பக்கத்தாரிடம் பேசினார்! அதனாலேயே அத்தொகை அசையாது நின்றது.

முடிவில் முதல்நாள் 35, மறுநாள் 20, அதன்பின் நடுவர் தீர்ப்பு வரும்வரை 27½ விழுக்காடு என்று இருபக்கத்தாரும் இசைந்தனர். நடுவராயிருந்த ஆனந்தசங்கர் துருவா 35 விழுக்காடே தகும் எனத் தீர்ப்பளித்தார். இதன்கண் ஒரு குறையும் உண்டு. போராட்டத்தின் இடையே காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். அஃது அன்புடைய முதலாளிகளை நெருக்கியதாயிற்று என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். நெருக்கிப் பெறுவதற்கும் கேட்டுப் பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் மறைத்திலர். இன்னொன்றும் நினைக்கத்தக்கது. தொழிலாளர் பக்கம் நின்ற அனசூயா சாராபாய் அம்மையார், முதலாளிகளுள் முதல்வராயிருந்த அம்பாலால் சாராபாயின் உடன்பிறந்தவர். எதிரெதிர் நின்று வழக்குரைப்பது வேறு. பகை கொள்வது வேறு.

இனி எம் வாழ்விற் கண்டதைச் சொல்லுவோம். இருபது ஆண்டுகட்கு முன் ஒரு சிற்றூரில், தனியார் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராய் அமர்ந்தோம். சம்பளப் பதிவேட்டில் 4,000 ரூபாய் என்று எழுதியிருக்கும். கையிற் கிடைப்பது 2,500. முழுத்தொகையும் பெற்றுக்கொண்டதாக மாதந்தோறும் ஒப்பமிட்டோம். மாணாக்கர்க்கு வாய்மையைப் பாடமாக நடத்திவிட்டு, மாலையிற் பொய்க்கு ஒப்பமிடுவது நெஞ்சைச் சுட்டது. இரண்டு ஆண்டு வாய் திறந்தோமில்லை. ஒருநாள் சினம் மிகுந்து, மற்றை ஆசிரியர் காணப் பள்ளி முற்றத்தில் உரத்துப் பேசினோம். பலர் முன் இறங்கிவர நிர்வாகியார்க்கு நாணம், எமக்கும் நாணம். பயன் ஒன்றும் விளையவில்லை.

அதன்பின்னரே அறிவு வந்தது. கோடை விடுமுறைக்கு முன், அடுத்த ஆண்டிற்கு ஆசிரியரைத் தேடும் காலம் பார்த்து, நிர்வாகியாரைத் தனியே கண்டோம். வாரத்திற்கு எத்தனை வகுப்பு நடத்துகின்றோம், பொதுத்தேர்வில் எம் மாணாக்கர் எத்துணைப் பேர் தேறினர் என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் சென்றோம். எழுதிய தொகையைக் கொடுங்கள். அன்றிக் கொடுக்கும் தொகையை எழுதுங்கள் என்றோம். அவர் தம் வருவாய்க் குறையைச் சொன்னார்; இடைமறியாது கேட்டோம். முடிவில் 3,500 ரூபாய் என்றும், பதிவேட்டிலும் அதுவே எழுதப்படும் என்றும் தீர்ந்தது. வேறோர் ஊரிற் பணி உண்டு என்னும் கடிதம் அன்று எம் சட்டைப்பையில் இருந்தது. அதனை எடுத்துக் காட்டினோமில்லை. ஆயினும் எம் குரல் நடுங்காமற் காத்தது அதுவே.

இவ்வளவும் கற்ற யாம் வீட்டில் எங்ஙனம் நடந்தோம்? அதனைச் சொல்லாது விடின் இப்பேச்சு பொய்யாகும். எம் தந்தையார் காலமான பின், மூதாதையர் வழிவந்த 3 ஏக்கர் நன்செய்யையும் வீட்டையும் பிரித்துக்கொள்ள எம் தமையனாரும் யாமும் முனைந்தோம். தங்கைக்குத்தான் சீர் செய்து கொடுத்தாயிற்றே என்று எண்ணி, விடுதலைப் பத்திரம் ஒன்று எழுதுவித்து, சார்பதிவாளர் அலுவலகத்திற்கு வந்து ஒப்பமிடுமாறு அவளை அழைத்தோம். அவள் வந்தாள். வந்தவள் ஒன்றே சொன்னாள்: "அண்ணா, நீங்கள் தமிழாசிரியர். ஒப்பமிடும் முன் இதனை எனக்கு வாசித்துக் காட்டுங்கள்."

வாசித்தோம். தன் பங்கிற்குரிய முழுத்தொகையும் பெற்றுக்கொண்டதாக அதில் எழுதியிருந்தது. கொடுத்தது ஒரு காசும் இல்லை. அவ்விடத்து எம் நா எழவில்லை. இருபது ஆண்டுகட்கு முன் எம்மை ஒப்பமிடச் செய்த பதிவேட்டையே, யாம் எம் தங்கை முன் விரித்து வைத்திருந்தோம்.

அவள் அழுதாளுமில்லை, பழித்தாளுமில்லை. "இன்று ஒப்பமிடேன், மாமாவை வைத்துப் பேசுவோம். வீடு எனக்கு வேண்டா. நிலத்தில் என் பங்கு வேண்டும். அம்மா உள்ளவரை அவ்வீட்டில் இருத்தல் வேண்டும். பிறந்தகத்து வாயில் எனக்கு அடைபடலாகாது" என்றாள். வேண்டுவது இது, விட்டுக்கொடுப்பது இது என்று அவள் முன்னரே வரையறுத்து வந்திருந்தாள். இரண்டு மாலைப்பொழுது தாய்மாமனார் முன்னிலையிற் பேசினோம். 1 ஏக்கர் அவளுக்கு என்றும், வீடு எங்கள் இருவர்க்கு என்றும், தாயார் தம் வாழ்நாள் முழுதும் அங்கிருப்பார் என்றும் முடிந்தது, தாயாரும் உடன்பட்டனர். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாயிற்று. பொங்கற் சீர் முன்போலவே சென்று வருகின்றது.

கேட்டால் உறவு முறியும் என்பார் நம்மிற் பலர். எம் அத்தையார் ஒன்றும் கேளாமலே ஒப்பமிட்டவர். அதன்பின் 30 ஆண்டு எம் வீட்டு வாயிலில் அவர் அடி வைத்திலர். முறித்தது கேட்டலா, கேளாமையா?

சட்டத்தையும் அறிந்துகொள்க. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, தந்தை தாமே ஈட்டிய பொருளுக்கு உயில் எழுதாது இறப்பின் மகளுக்கும் மகனோடு ஒத்த பங்கு உண்டு. மூதாதையர் சொத்தில், 25-3-1989-க்கு முன் மணமாகாத மகளிர்க்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் பிறப்புரிமை தந்தது. 9-9-2005 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம், மணமானவர் ஆகாதவர் என்னும் வேறுபாடின்றி எல்லா மகளிர்க்கும் அதனைத் தந்தது. அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. 20-12-2004-க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினைகள் இதனால் மாறா. ஆதலின் மகளிர் பங்கு கேட்பது இரத்தல் அன்று, உள்ளதைக் கேட்டல்.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை: நமக்குரியது எவ்வளவு என்பதைச் சான்றோடு அறிக. எதிரில் இருப்பவரது குறையையும் காது கொடுத்துக் கேட்க. எதுவரை இறங்கலாம், இசையாவிடின் செய்வது யாது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு செல்க. பலர் நடுவே கேளாது தனியிடத்துக் கேட்க. பேசி முடித்ததை எழுத்தில் வாங்குக, வாசியாது ஒப்பமிடற்க.

சங்கத்துப் பெரியோர்கட்கு ஒரு விண்ணப்பம். இனி நம்மவர் இல்லத்தில் ஒரு பெண் விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிடப் போகின்றாள் என்று கேள்வியுற்றால், அதனை அவளுக்கு வாசித்துக் காட்டினீர்களா என்று வினவுங்கள். அவ்வொரு வினாவே போதும். எம் தங்கை அதனை வினவியிராவிடின், இன்று இம்மேடையில் நின்று பேசும் தகுதி எமக்கு இராது.

கேட்கத் தெரிந்தவரும், கேட்போர்க்குச் செவி கொடுக்கத் தெரிந்தவரும் நம் இல்லங்களிற் பெருகுக.