டிஸ்சார்ஜுக்குப் பிறகும் வந்துகொண்டிருந்த ரிமைண்டர்

வழக்கமா இங்க கோடு, வேலை, சம்பளம்னு பேசுவோம். இன்னைக்கும் நான் எழுதின ஒரு கோடைப் பத்தித்தான் பேசப்போறேன். அதுல நான் விட்ட ஒரு தப்பு, எங்க தாத்தாவோட ரெண்டாவது ஆபரேஷன் வரைக்கும் போச்சு.

தாத்தாவுக்கு 76 வயசு. மதுரைக்குப் பக்கத்துல கிராமம். மூணு வருஷத்துக்கு முன்னாடி இதயத்துல ஸ்டென்ட் வெச்சாங்க. அதுல இருந்து தினமும் ஒரு காப்ஸ்யூல். ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்தது. ஸ்டென்ட்ல ரத்தம் உறைஞ்சு அடைக்காம இருக்கிறதுக்கு. எங்க வீட்டுல அதுக்குப் பேரு 'ஹார்ட் மாத்திரை'. அம்மாச்சி சாமி கும்பிட மறந்தாலும் அதை எடுத்துக் குடுக்க மறக்கமாட்டாங்க.

போன பொங்கலுக்கு, பழைய வீட்டு நிலையில குனியாம நுழைஞ்சு தாத்தா தலையை இடிச்சுக்கிட்டார். வீங்கக்கூட இல்ல. தேங்காய் எண்ணெய் தடவிட்டு மறந்துட்டோம். அஞ்சு வாரம் கழிச்சு, நடக்கும்போதே வலது கால் செருப்பு கழன்று போகுது, அவருக்குத் தெரியல. பால் கணக்கு தப்பாகுது. "வயசாகுதுல்ல"ன்னு நாங்களே சமாதானம் சொல்லிக்கிட்டோம். கடைசியில சி.டி. ஸ்கேன் எடுத்தா, மண்டைக்குள்ள இடது பக்கம் ரத்தம் தேங்கி மூளையை அழுத்திக்கிட்டு இருக்கு.

இதுக்குப் பேரு க்ரானிக் சப்ட்யூரல் ஹீமடோமா. மண்டையோட்டுக்கு உள்பக்கம் ட்யூரான்னு கெட்டியான ஓர் உறை இருக்கு. வயசாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். அப்போ மூளையில இருந்து அந்த உறைக்குப் போற சின்னச் சின்ன சிரைகள் இழுபட்டு நிக்கும். லேசான இடி போதும், கசிய ஆரம்பிச்சிடும். கசிஞ்ச ரத்தத்தைச் சுத்தி உடம்பு ஒரு சவ்வு கட்டும். அந்தச் சவ்வுல முளைக்கிற புது ரத்தக் குழாய்கள் ரொம்ப பலவீனமானவை; அதுங்களும் கசியும். அதனாலதான் இது வாரக்கணக்குல, சத்தமில்லாம பெருசாகுது.

ஆபரேஷன் கேட்கிறதுக்குத்தான் பயங்கரம். மண்டையோட்டுல ரெண்டு துளை போட்டு, உள்ள சலைன் விட்டுக் கழுவி எடுக்கிறாங்க. வர்றது பழைய என்ஜின் ஆயில் கலர்ல இருக்கும். அப்புறம் மிச்சம் வடியறதுக்கு ரெண்டு நாள் ஒரு ட்யூப். அந்த ட்யூப் சாதாரண விஷயம் இல்ல. கேம்பிரிட்ஜ்ல நடந்த ஓர் ஆய்வு 2009-ல லான்செட் இதழ்ல வந்துச்சு. ட்யூப் வைக்காதவங்கள்ல 24 சதவீதம் பேருக்கு மறுபடி ரத்தம் சேர்ந்து ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கு. வெச்சவங்கள்ல அது 9.3 சதவீதம்தான். வித்தியாசம் அவ்வளவு தெளிவா இருந்ததால ஆய்வைப் பாதியிலயே நிறுத்திட்டாங்க.

ஆனா கவனிங்க, ட்யூப் வெச்சும் 9.3 சதவீதம். ஏன்னா பல வாரமா அமுங்கிக் கிடந்த மூளை உடனே விரிஞ்சு வந்து இடத்தை நிரப்பாது. அந்தக் காலி இடம் இருக்கு, கசியற சவ்வும் அங்கேயே இருக்கு. எனக்கு இது அப்போ தெரியாது. டாக்டர் "சக்சஸ்"னு சொன்னதும் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன். ஆபீஸ்ல ஒரு ரிலீஸ் போட்டா ரெண்டு நாள் டேஷ்போர்டையே முறைச்சுப் பார்க்கிறவன் நான்.

இப்போ என் கோடுக்கு வர்றேன். ஸ்டென்ட் வெச்சப்பவே அம்மாச்சி போனுக்கு டெலிகிராம்ல ஒரு பாட் எழுதிக் குடுத்திருந்தேன். காலை 8 மணி, ராத்திரி 8 மணி, என்ன மாத்திரைன்னு மெசேஜ் போகும். டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கு புது மாத்திரைகளை நான்தான் அதுல சேர்த்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியில, அடுத்த ரிவ்யூ வரைக்கும் அந்தக் காப்ஸ்யூல் வேண்டாம்னு ஒரு வரி இருந்துச்சு. படிச்சேன். ஆனா பழைய வரியை நீக்கல.

அம்மாச்சிக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கு. ஆஸ்பத்திரியில நர்ஸம்மா நிறுத்தச் சொன்ன மாதிரி ஞாபகம். அப்புறம், "பேரன் அனுப்புறான், அவனுக்குத் தெரியாதா"ன்னு குடுத்துட்டாங்க. பதினோரு நாள்.

பன்னிரண்டாவது நாள் தாத்தா பகல்லயே தூங்கி விழுந்தார். வாந்தி. காபி டம்ளர் வலது கையில இருந்து நழுவிடுச்சு. ஸ்கேன்ல பழைய ரத்தத்தோட புது ரத்தமும் சேர்ந்து தெரிஞ்சது. ராத்திரியோட ராத்திரியா மறுபடி ஆபரேஷன்.

டாக்டர்கிட்ட உண்மையைச் சொன்னேன். அவர் திட்டல. "அந்த மாத்திரை இல்லாமலும் இது திரும்ப வரும். ஆனா அது உதவி செய்யல"ன்னார். அந்த ரெண்டாவது வாக்கியம்தான் இன்னும் என்கூட இருக்கு.

சரி, அப்போ மாத்திரையை மொத்தமா நிறுத்திட வேண்டியதுதானே? அங்கதான் சிக்கல். நிறுத்தினா ஸ்டென்ட் அடைக்கலாம். குடுத்தா தலைக்குள்ள கசியலாம். எப்போ திரும்ப ஆரம்பிக்கணும்னு ஒரே விதி எல்லாருக்கும் கிடையாது. எங்க விஷயத்துல இதய டாக்டரும் மூளை டாக்டரும் போன்ல பேசி, இன்னொரு ஸ்கேன் பார்த்துட்டு, ஆஸ்பிரின் மட்டும் போதும்னு முடிவு பண்ணாங்க. திரும்ப வராம தடுக்க இப்போ இன்னொரு வழியும் இருக்கு: அந்தச் சவ்வுக்கு ரத்தம் கொண்டு போற தமனியை கதீட்டர் வழியா அடைக்கிறது. 2024-ல வந்த ஓர் ஆய்வுல, ஆபரேஷனோட இதையும் சேர்த்து செஞ்சப்போ, 90 நாளுக்குள்ள மறு ஆபரேஷன் 11.3 சதவீதத்துல இருந்து 4.1 ஆகக் குறைஞ்சது. உங்க வீட்டுல தேவைப்பட்டா டாக்டர்கிட்ட கேளுங்க.

இன்னும் மூணு விஷயம். ஒண்ணு, டிஸ்சார்ஜ் அன்னைக்குப் புது மாத்திரை என்னன்னு கேட்கிற மாதிரியே, எதை நிறுத்தணும், எதுவரைக்கும், திரும்ப ஆரம்பிக்கச் சொல்லப்போறது யாருன்னும் கேளுங்க. நிறுத்தின அட்டையை டப்பாவுல இருந்தே எடுத்துடுங்க. ரெண்டு, தலைவலி கூடுறது, வாந்தி, அதிகத் தூக்கம், பேச்சுக் குழறல், கை கால் தளர்வு, வலிப்பு - இதுல எது வந்தாலும் காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. மூணு, இந்தக் கதையைக் கேட்டுட்டு யாரும் தானா ரத்த மாத்திரையை நிறுத்தாதீங்க.

தாத்தா இப்போ நடக்கிறார். சட்டை பட்டன் போடத்தான் கொஞ்சம் நேரமாகுது. நான் குற்றத்தை ஒத்துக்கிட்டப்போ, "நிலையில குனியாம போனது நான்தானடா"ன்னு சொல்லி முடிச்சுட்டார். எனக்கு அது முடியல.

பாட் இன்னும் ஓடுது. இப்போ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் அம்மாச்சிக்கு வீடியோ கால் போடுவேன். அவங்க டப்பாவைத் திறந்து ஒவ்வொரு மாத்திரையா காட்டுவாங்க. நான் சீட்டைப் பார்த்துப் படிப்பேன். சந்தேகம் வந்தா என்னை நம்பாம டாக்டருக்கு போன் பண்ணணும்னு சொல்லி வெச்சிருக்கேன். போன வாரம் பண்ணியிருக்காங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.