ஊர்வன, நீந்துவன, பறப்பன

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விலங்குகளின் இயக்கம் பற்றிய பேச்சுக்குக் கவிஞர் அவையில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வினைச்சொல்லுக்கு இங்கே வேலை உண்டல்லவா? ஊர்தல், தவழ்தல், நெளிதல், தத்துதல், தாவுதல், பாய்தல், துள்ளுதல், நீந்துதல், பறத்தல், வட்டமிடுதல் என்று உயிர்களின் அசைவுக்குத் தமிழ் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களைக் கூறுமிடத்துப் பறப்பவை, தவழ்பவை என அசைவைக் கொண்டே இனம் சுட்டுகிறது. ஆயினும் இன்று நம் கவிதைகளில் பாம்பென்றால் நெளிகிறது; மீனென்றால் துள்ளுகிறது; பறவையென்றால் சிறகடிக்கிறது. கண்டு எழுதியவர் சொற்களாக இவை தோன்றவில்லை.

பாம்பையே எடுத்துக்கொள்வோம். நெளிந்து செல்லும் பாம்பு கல், புல், மேடு இவற்றின்மேல் உடலின் வளைவுகளை ஊன்றி உந்தியே முன்னேறுகிறது. ஊன்ற ஏதுமற்ற வழவழப்பான தரையில் அது நெளியும். ஆனால் நகர்வது கடினம். பெரிய மலைப்பாம்போ அவசரமில்லாத வேளையில் வளையாமலே நேர்கோட்டில் ஊரும். வயிற்றுத் தோலும் செதில்களும் சிறுசிறு பகுதியாக முன்னே இழுக்கப்பட்டு, நிலத்தைப் பற்றி, உடலைக் கொண்டு செல்கின்றன. சுருட்டை விரியன் மணலில் பக்கவாட்டாகச் சென்று, ஒன்றோடொன்று இணையாத சாய்கோடுகளை விட்டுப் போகும். நெளிதலும் ஊர்தலும் ஒன்றல்ல என்று நம் முன்னோர் இரு சொற்களை ஆக்கித் தந்திருக்க, நாம் ஒன்றை மட்டுமே செலவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து அன்னம். அது எந்தப் பறவை என்பதில் அறிஞர் ஒருமித்த கருத்தினர் அல்லர். வரித்தலை வாத்து என்பாரும் உளர். நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்குக் குளிர்காலத்தில் வரும் பறவை அது. நிலத்தில் அதன் நடை ஏன் அசைந்தசைந்து வருகிறது? கால்கள் அகன்று நிற்பதால், ஒவ்வோர் அடிக்கும் உடலின் பாரத்தை ஊன்றிய காலின்மேல் சாய்த்தாக வேண்டும். அந்தச் சாய்வைத்தான் நூற்றாண்டுகளாகப் பெண்ணின் நடைக்கு உவமையாக்கி வந்தோம்.

அதே பறவை இமயத்தைக் கடந்து வருவது. பருந்தைப்போல் சிறகை விரித்து வெங்காற்றில் மிதந்து ஏறுவதில்லை, சிறகடித்தே ஏறுகிறது. கருவி பொருத்தி ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஒரு பறவை 7,290 மீட்டர் உயரம் வரை சென்றிருக்கிறது. அதனினும் வியப்பு, அது ஒரே உயரத்தில் பறப்பதில்லை என்பது. மலை உயர்ந்தால் உயர்ந்து, பள்ளத்தாக்கு வந்தால் தாழ்ந்து, நிலத்தை ஒட்டியே போகிறது. மெல்லிய காற்றில் சிறகடிக்க மிகுந்த ஆற்றல் செலவாகும். ஏறிய உயரத்தை விட்டு இறங்கி மீண்டும் ஏறுவதே அதற்குச் சிக்கனம்.

புறநானூற்று 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் குமரித்துறையில் இரை அருந்தி வடமலைக்குத் திரும்பும் அன்னச் சேவலை விளிக்கிறார்; வழியில் உறையூரில் தங்கிக் கோப்பெருஞ்சோழனிடம் தம் பெயரைச் சொல்லச் சொல்கிறார். தென்கடலையும் வடமலையையும் இணைக்கும் வலசையை அவர் அறிந்திருந்தார். பின்வந்தோருள் பலர் வானத்தை விட்டுவிட்டு நடையை மட்டும் பிடித்துக்கொண்டனர். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

முன்னோர் தீட்டியதையே மீண்டும் தீட்டுவது நமக்கு மட்டும் உரிய பழக்கமன்று. பாய்ந்தோடும் குதிரையை முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டியதாக ஐரோப்பியர் வரைந்து வந்தனர்; 1821இல் ஜெரிக்கோ தீட்டிய எப்சம் பந்தய ஓவியமும் அவ்வாறே. 1878இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் கேமராக்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழும் கணத்தில் அவை வயிற்றின் கீழ் மடங்கிக் குவிந்திருந்தன.

இனி நீருக்குள் இறங்குவோம். மீனின் வால் செங்குத்தானது. இடமும் வலமும் வீசும். பாக் நீரிணையில் வாழும் ஆவுளியாவின் வாலோ கிடைமட்டமானது. மேலும் கீழும் அடிக்கும். ஓங்கிலும் அப்படித்தான். காரணம் முதுகெலும்பில் இருக்கிறது. நாலுகால் பாய்ச்சலில் ஓடும் வேட்டைநாயைப் பாருங்கள். அதன் முதுகு மேலும் கீழும் வளைந்து நிமிரும். ஓங்கிலுக்கும் ஆவுளியாவுக்கும் மூதாதையர் நிலத்தில் நடந்த பாலூட்டிகள்; வெவ்வேறு குடிகளிலிருந்து அவை கடல் புகுந்தன. ஆவுளியா யானைக்கு உறவு. கடலுக்குப் போனபின்னும் முதுகு நிலத்தின் பழக்கத்தை மறக்கவில்லை. இதைவிடச் செறிந்த படிமம் ஒன்றை நாம் கட்டிவிட முடியுமா என்பது ஐயமே. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அதன் காப்பகமாகத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. கவிதையில் அதற்கு இன்னும் இடம் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

பறவைக்கோலா என்னும் மீனையும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். அது பறப்பதாகச் சொல்கிறோம்; துடுப்பை அடிப்பதில்லை, விரித்து வைத்துச் சறுக்குகிறது. வேகம் தளர்ந்தால் வாலின் கீழ்முனையால் நீரை விரைந்து அடித்து மறுபடி எழும்.

இறுதியாகப் பங்குனி ஆமை. கடலுக்குள் அதன் முன்துடுப்புகள் இறக்கைகளைப்போல் எழுந்து தாழ்கின்றன. அங்கே அது பறக்கிறது என்றாலும் பொருந்தும். முட்டையிட மணலில் ஏறியதும் ஒரு துடுப்பு மாற்றி ஒரு துடுப்பு வைத்துத் தவழ்கிறது. பேராமையோ இரு முன்துடுப்புகளையும் ஒருங்கே ஊன்றி உடலை இழுத்துப் போடும். முன்னதற்குத் தவழ்தல் என்னும் சொல் பொருந்தும். பின்னதற்கு எந்த வினை? ஊர்தல் என்றால் துடுப்பு விடுபடுகிறது. தத்துதல் என்றால் அந்தப் பாரம் விடுபடுகிறது. கடற்கரை ஊர்களில் இதற்கொரு சொல் வழங்கக்கூடும். அங்குள்ள உறுப்பினர்கள் கேட்டறிந்து வர வேண்டும்.

சென்னைக் கரையில் தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறுகின்றன. வரும் மாசிக் கூட்டத்தை ஓரிரவு அங்கே மணலில் நடத்தலாம் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். கைவிளக்கு எவரும் கொண்டுவர வேண்டா. வெளிச்சம் கண்டால் ஆமை கரையேறாமல் திரும்பிவிடும்.