மடிப்புக்குள் இருந்தவர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



காவிரிக் கரையில், காந்தமலை முருகனின் அடிவாரத்தில் நின்று கவிஞர்கள் முன் பேசுவது எளிதன்று. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் பிறந்த மோகனூர் இது. ஆதலால் நான் கவிதையைப் பற்றிப் பேச முற்படவில்லை. ஒரு படத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் பாரதியார் படம் ஒன்று மாட்டியிருந்தது. என் தந்தையார் வாங்கி வந்த பழைய அச்சுப்படம். அதைப் பார்த்து வளர்ந்தே நான் தமிழ் படிக்க வந்தேன். சென்ற ஆண்டு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அது கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. படத்தை வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் பின்புறமாக மடிக்கப்பட்டிருந்தது. மெல்லப் பிரித்தேன். பாரதியாரின் அருகே செல்லம்மாள் இருந்தார்.

நடந்தது எளிதில் விளங்கியது. படம் அகலம்; கையில் இருந்த சட்டம் சிறிது. ஒருவரை மடித்தாக வேண்டும். யாரை மடிப்பது என்று தந்தையார் ஒரு கணமும் தயங்கியிருக்க மாட்டார்.

அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. என் முனைவர் பட்ட ஆய்வேட்டை அன்றிரவே எடுத்துப் புரட்டினேன். பாரதியைப் பற்றிய இயல் ஒன்று அதில் உண்டு. செல்லம்மாளின் பெயர் ஓர் அடிக்குறிப்பில் மட்டும் வருகிறது. தந்தையார் மடித்தது தாளை. நான் மடித்தது வரலாற்றை.

அந்த மடிப்புக்குள் இருந்தவர் யார்? 1897இல் கடையத்துச் செல்லம்மாளுக்கு ஏழு வயது, மணமகனுக்குப் பதினான்கு. 1908இல் பாரதியார் புதுவைக்குப் போக நேர்ந்தது. பத்தாண்டுகள் நீண்ட அந்த வாழ்வில் குடும்பத்தை நடத்தியவர் அவர். சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதையை நாம் மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். கவிஞரின் உள்ளம் அதில் தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் அன்று உலையில் இட வேறு அரிசிக்கு வழி தேட வேண்டியிருந்தவரின் உள்ளம் எந்த மேடையில் பேசப்பட்டது?

1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் பாரதியார் மறைந்தார். அவருக்கு வயது 38. அடுத்த ஆண்டே செல்லம்மாளின் முயற்சியில் ‘பாரதி ஆச்ரமம்’ என்ற பெயரில் சுதேச கீதங்கள் அச்சேறின. கைம்மை நோன்பு பெண்ணை மூலையில் அமர்த்திய காலம் அது. அக்காலத்தில் கணவரின் எழுத்தை நாட்டுக்குத் தர முன்வந்தவர் அவர். அப்பணி பின்னர் வேறு கைகளுக்கு மாறியது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி நூல்களின் உரிமையை ஏற்றது. 1951இல் திருச்சி வானொலியில் தம் கணவரைப் பற்றித் தாமே பேசினார். 1955இல் மறைந்தார்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. ருஷியக் கவிஞர் ஓசிப் மண்டெல்ஷ்டாம் 1938இல் விளாதிவோஸ்தோக் அருகே கைதிகள் முகாமில் இறந்தார். தாளில் வைத்திருப்பதே ஆபத்தாக இருந்த அவர் கவிதைகளை மனைவி நதேழ்தா மனப்பாடமாகவே பல்லாண்டுகள் காத்தார். அங்கே நினைவு, இங்கே அச்சு. காத்தவர்கள் இருவரும் மனைவியரே.

நம்மூர்க் கவிஞரிடம் திரும்புகிறேன். அவர் கவிஞராக அறியப்படுமுன் ஓவியர். முகங்களை எழுதிப் பிழைத்தவர். கானாடுகாத்தானில் அவரைச் சந்தித்த பாரதியார், நீர் என்னை ஓவியமாக்கும், நான் உம்மைக் காவியமாக்குகிறேன் என்ற பொருள்பட மகிழ்ந்து பேசியதை அவரே தம் ‘என் கதை’யில் பதிவு செய்திருக்கிறார். அந்நூலில் நான் பெரிதும் மதிப்பது வேறொன்று. தம் மனைவி முத்தம்மாளை மணக்க முதலில் தமக்கு விருப்பமில்லாதிருந்ததை அவர் மறைக்கவில்லை. தமக்குப் பெருமை தராததையும் எழுதினார். மடிக்காமல் சட்டமிட்ட படம் அது.

அன்பர்களே, பத்தாண்டுகளாக நம் வட்டம் மாதந்தோறும் கூடுகிறது. பெரும்பாலும் உறுப்பினர் இல்லங்களில்தான். பாயை விரித்தது யார்? காப்பி வந்தது எங்கிருந்து? கவிதை நள்ளிரவு வரை நீண்டபோது உறங்காமல் உள்ளே காத்திருந்தது யார்? இம்மலருக்காகத் தொகுத்த புகைப்படங்களை நான் பார்த்தேன். அவர்களுள் ஒருவர்கூட அவற்றில் இல்லை. அவர்களுள் கவிதை எழுதிய நோட்டை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருப்பவர் இருக்கமாட்டார் என்று நம்மில் யாரால் உறுதி கூற முடியும்?

ஆகவே ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தில் அவர்கள் முன்வரிசையில் அமரட்டும், விரும்பியவர்கள் பேசட்டும். அன்று காப்பியை நாம் போடுவோம். என் வீட்டுப் படத்தை அந்தக் கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன். புதுச் சட்டம் போட்டாயிற்று. இந்த முறை படத்தை அளந்த பிறகுதான் மரத்தை அறுக்கச் சொன்னேன். நடுவே மடிப்பின் கோடு மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. அதை அழிக்க நான் முயலவில்லை.