மரப்பலகையில் வெட்டிய வெற்றி



சென்னைக்கு ஜப்பான் இரு முகம் காட்டிய நாடு. 1905இல் அது ருசியாவை வென்றபோது, ஐரோப்பிய வல்லரசையும் ஆசியர் வீழ்த்த இயலும் என்று இந்திய விடுதலை வேட்கையர் களித்தனர். 1942 ஏப்ரலில் அதே நாட்டுக் கடற்படை கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியது. சென்னை மக்கள் பெருந்திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானமொன்று சென்னை மீதே குண்டு வீசிற்று. களிப்பு எவ்வாறு அச்சமாயிற்று என்பதற்கு அந்நாட்டு மரச்செதுக்கு ஓவியங்களில் ஒரு விடை உண்டு.

அவ்வோவியம் பலர் கைவினை. ஓவியர் வரைவார், செதுக்குநர் அதனைச் செர்ரி மரப்பலகையில் ஒட்டி, கோடுகள் மட்டும் நிற்க ஏனைய பகுதியை அகழ்வார், வண்ணத்துக்கொரு பலகை வேண்டும், அச்சிடுவோர் தாளின் முதுகைக் கையால் தேய்த்துப் படமெடுப்பார், பதிப்பாளர் முதலிட்டு விற்பார். 1889இல் மெய்ஜிப் பேரரசர் அரசியல் சட்டம் வழங்கிய காட்சி இவ்வாறே கடைவீதிக்கு வந்தது. 1894–95 சீனப் போரின்போது, மூன்று தாள்களை இணைத்த அகன்ற போர்ப்படங்கள் வந்து குவிந்தன.

அப்படங்களை வரைந்தோரில் பெரும்பாலோர் களத்தைக் கண்டதில்லை. செய்தித்தாளே அவர்தம் கண். ஜப்பானிய வீரர் நிமிர்ந்து நிற்பர்; சீனர் குழம்பி விழுவர். தோற்றவனுக்கு முகம் இல்லை. கோபயாஷி கியோச்சிகா, டோக்கியோவின் அந்தி ஒளியையும் விளக்கொளியையும் தீட்டிப் புகழ்பெற்ற மென்கலைஞர். அதே ஒளியைப் போர்க்கள இருளிலும் படரவிட்டார். கண்டோர் அழகில் மயங்கினர், கொலை காட்சியாயிற்று. 1904இல் ருசியப் போர் மூண்டபோது புகைப்படம் அந்த இடத்தைப் பற்றத் தொடங்கியது. ஆயினும் வெற்றியை மட்டும் பார்க்கப் பழகிய கண் மாறவில்லை.

தமிழிலும் வெற்றிப்பாட்டு உண்டு. கலிங்கத்துப்பரணி குலோத்துங்கனைப் புகழ்கிறது. எனினும் பேய்கள் கூழடும் பிணக்களத்தை அது மறைக்கவில்லை. பாரி மகளிர் பாட்டோ தோற்றவர் வாயிலிருந்தே பிறந்தது. மூவேந்தர் வெற்றியைவிட அவ்விரு பெண்களின் இழப்பே இன்றும் நிற்கிறது.

1942–43இல் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில் பாதையில், மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அவர்களை எந்தப் பலகையும் வெற்றிப்படமாகச் செதுக்கவில்லை. செதுக்குநரின் உளி அகழ்ந்தெறிந்த இடம் தாளில் வெறும் வெண்மையாக நிற்கும். அவ்வெண்மையில் யார் இருந்தார் என்று கேட்பது கவிஞர் கடன்.

பத்தாண்டு கண்ட மன்றம் அக்கடனை ஏற்றுப் பல்லாண்டு வளர்க!